பால் பாக்கெட்டின் மூலையை வெட்டி எறிபவரா நீங்கள்?

காலை ஐந்தரை மணி. வாசல் கேட்டில் தொங்கும் பையில் பால் பாக்கெட் விழுந்திருக்கும். அரைத் தூக்கத்தோடு எடுத்து வந்து, கத்தரிக்கோலால் மூலையில் ஒரு வெட்டு. பால் பாத்திரத்துக்கு, கவர் குப்பைக்கு. வெட்டிய அந்தக் குட்டித் துண்டு? அது எங்கே போனது என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பாக்கெட் வாங்குவதில் தொடங்கி கவரை அப்புறப்படுத்துவது வரை, இந்தச் சின்ன வேலையில் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

எந்த நிறம் எதற்கு?

பாக்கெட்டின் நிறத்தைச் சொல்லித்தான் கடையில் பால் கேட்கிறோம். நிறம் மாறினால் மாறுவது முக்கியமாகக் கொழுப்பின் அளவு. ஆவினில் நீல பாக்கெட் சமன்படுத்திய பால். கொழுப்பு 3 சதவிகிதம். பச்சை, நிலைப்படுத்திய பால், 4.5 சதவிகிதம். ஆரஞ்சு, நிறை கொழுப்புப் பால், 6 சதவிகிதம். இருமுறை சமன்படுத்திய பாலில் கொழுப்பு 1.5 சதவிகிதம்தான்.

கெட்டியான காபி, பாயசம், ஏடு படிந்த தயிர் வேண்டுமென்றால் கொழுப்பு அதிகமுள்ள பால் பொருத்தம். எடை, கொலஸ்ட்ரால் என்று கவலைப்படுபவர்கள் கொழுப்பு குறைந்ததை எடுக்கலாம். ஆனால், ஒரு நிறுவனத்தின் பச்சை இன்னொரு நிறுவனத்தின் பச்சை அல்ல. எனவே, நிறத்தை மட்டும் நம்பாமல் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் பால் வகையையும் தேதியையும் படித்துவிடுங்கள். உப்பியிருக்கும் பாக்கெட்டையும், ஓரம் கசியும் பாக்கெட்டையும் அப்போதே மாற்றிக்கொள்வது நல்லது.

காய்ச்ச வேண்டுமா?

பண்ணையில் பாலை வழக்கமாக 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடிகள் சூடாக்கி, உடனே குளிரவைத்துத்தான் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். கெடுதல் செய்யும் கிருமிகள் அதிலேயே அழிந்துவிடும். நம் வீட்டு அடுப்பு வரை அந்தக் குளிர்ச்சி அப்படியே இருந்தால், நெடுநேரம் கொதிக்கவிடத் தேவையில்லை. ஆனால், நம் ஊர் வெயிலில் கடை வாசலிலும் கேட்டிலும் பாக்கெட் எவ்வளவு நேரம் கிடந்தது என்பது யாருக்குத் தெரியும்? அதனால் ஒருமுறை காய்ச்சிவிடுவதே பாதுகாப்பு. அதே பாலைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவிட்டால் பி வைட்டமின்கள்தான் குறையும்.

பாக்கெட்டை வெட்டும் முன் வெளிப்புறத்தைக் கழுவுங்கள். பால் டப்பிலும் தரையிலும் பலர் கையிலும் புரண்டு வந்த கவர் அது. உடனே காய்ச்சாவிட்டால் ஃப்ரிட்ஜின் உள் தட்டில் வையுங்கள். அடிக்கடி திறந்து மூடுவதால் கதவுப் பக்கத்தில் குளிர்ச்சி குறைவு.

குட்டித் துண்டு, பெரிய தொல்லை

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை அமலுக்கு வந்தது. பால் கவருக்கு அதில் விலக்கு உண்டு. அதனால், பால் தீர்ந்தபின் கவர் எங்கே போகிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

பால் கவர் மறுசுழற்சிக்கு ஏற்ற பிளாஸ்டிக். முழுக் கவரைக் குப்பையிலிருந்து பிரித்து எடுப்பது எளிது. விரல் நுனி அளவுள்ள துண்டை யார் குனிந்து பொறுக்குவார்கள்? அது சாக்கடைக்கும் மண்ணுக்கும் போய்விடும். தினம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 730 துண்டுகள்!

பால் வாசனையோடு தெருவுக்குப் போகும் கவருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. குப்பையை மேயும் மாடு, மிச்ச உணவோடு சேர்த்து கவரையும் விழுங்கிவிடும். அது செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும். 2019 அக்டோபரில் சென்னையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து, கால்நடை மருத்துவர்கள் பல மணி நேரம் அறுவை சிகிச்சை செய்து 52 கிலோ பிளாஸ்டிக் கழிவை அகற்றினார்கள். நமக்குப் பால் தரும் இனத்துக்கு நாம் திருப்பித் தருவது இதுவாக இருக்கலாமா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான்

* மூலையை முழுவதுமாக வெட்டி எடுக்காதீர்கள். முக்கால்வாசி வெட்டி, துண்டு கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். பால் ஊற்றுவதற்கு அந்த வாய் போதும்.

* காலியான கவரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசுங்கள். அந்தத் தண்ணீர் செடிக்கு உதவும். அலசாத கவர் ஒரே நாளில் நாறிவிடும்.

* ஒரு பக்கத்தைப் பிரித்துக் கவிழ்த்துக் காயவைத்து, ஒரு பையில் சேர்த்து வாருங்கள்.

* மாதம் ஒருமுறை பழைய பேப்பர் கடையில் போடுங்கள். பால் கவரை எடைக்கு எடுக்கும் கடைகள் உண்டு. எடுக்கவில்லையென்றால், மக்காத குப்பையோடு தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.

பல வீடுகளில் பாட்டிகள் கவரைக் கழுவிக் கொடியில் மாட்டிக் காயவைத்து, சேர்த்துவைத்து எடைக்குப் போட்டவர்கள்தான். அப்போது அதைக் கஞ்சத்தனம் என்று கேலி செய்திருப்போம். நாளைக் காலை பாக்கெட்டை வெட்டும்போது, கத்தரிக்கோலைக் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திப் பாருங்கள்.