மின்கருவி மரச்செதுக்கலில் பரப்பு வேலைப்பாடு

மின்கருவி மரச்செதுக்கலில் பரப்பு வேலைப்பாடு என்பது, மின்சாரத்தால் சுழலும் கருவிகளைக் கொண்டு மரத்தின் மேற்பரப்பில் செதில், இறகு, மயிர், புள்ளி, நீரலை முதலிய அழகூட்டும் தடங்களை உருவாக்கும் நுட்பமாகும். வழவழப்பான பரப்பு ஒளியை ஒரே சீராகத் திருப்புகின்றது. தடமிட்ட பரப்பு ஒளியைச் சிதறடித்துக் கருமையாகத் தோன்றுகின்றது. புடைப்புச் சிற்பத்தின் பின்புலத்தைப் புள்ளிகளால் நிரப்புவது இதனாலேயே.

தமிழகச் சூழல்

நெய்வேலி நகரியத்துக்கு மேற்கே அமைந்த கள்ளக்குறிச்சியும், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரும் மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்றவை. அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இலும் புவிசார் குறியீடு பெற்றன. நெய்வேலிக்கு வடக்கேயுள்ள பண்ருட்டியின் பலா மரம் தஞ்சாவூர் வீணைக்குப் பயன்படுகின்றது. (நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் புதையுண்ட பண்டைய தாவரங்களே.)

இப்பகுதியின் மரபுக் கருவிகள் உளியும் கொட்டாப்புளியும் ஆகும். கைவேலையில் பின்புலப் புள்ளிகளை இரும்பு அச்சால் அடித்தும் பதிக்கலாம். அடிக்கும்போது மரநார் நசுங்குகின்றதே தவிர வெட்டுப்படுவதில்லை. ஆகவே ஈரம் பட்டால் அத்தடம் ஓரளவு மீண்டும் உப்பிவிடும். மின்கருவியின் முனையோ நாரை அறுத்து நீக்குவதால் பள்ளம் நிலைக்கின்றது.

கருவிகள்

கையடக்கச் சுழல்கருவியைப் பரவலாக்கிய டிரெமல் நிறுவனம் 1932இல் அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. ஆங்கிள் கிரைண்டர் 1954இல் செருமனியில் உருவானது. மரச்செதுக்கலுக்கு இவை பிற்பாடே வந்தன. வட அமெரிக்காவில் மரப்பறவை செய்வோர் இறகின் நுண்கோடுகளுக்காக இவற்றைப் பெரிதும் கையாண்டனர்.

சிறு சுழல்கருவிகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 முதல் 35,000 சுற்றுகள் வரை சுழலும். 3 மில்லிமீட்டர் முனை 30,000 சுற்றில் இயங்கும்போது அதன் விளிம்பு வேகம் நொடிக்கு 5 மீட்டருக்கும் குறைவு. ஆனால் 11,000 சுற்றில் ஓடும் 100 மில்லிமீட்டர் தட்டின் விளிம்பு நொடிக்கு 57 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் விரைகின்றது. பெரும் அலைகளுக்கும் குழிவுகளுக்கும் தட்டு ஏற்றது. நுண்தடத்துக்கு டங்ஸ்டன் கார்பைடு அல்லது வைரத்துகள் முனைகளே ஏற்றவை.

செய்முறை

மீன் செதிலுக்குக் குறுக்குக் கோடுகளால் சாய்சதுரங்கள் வரைந்து, ஒவ்வொன்றின் வெளிவிளிம்பையும் வளைத்து, அதற்கு அப்பாலுள்ள மரத்தைத் தாழ்த்துவர். இறகுகளை வாலிலிருந்து தலை நோக்கிச் செதுக்க வேண்டும். அப்போதுதான் முன்னிறகு பின்னிறகின் மேல் படிந்திருக்கும். நடுத்தண்டிலிருந்து விளிம்புக்குச் செல்லும் கோடுகள் சற்றே வளைதல் வேண்டும். நேர்கோடுகளாக இழுத்தால் இறகு சீப்புப் போலாகிவிடும். புள்ளியிடுதலிலும் இதே சிக்கல் உண்டு: ஒரே இடைவெளியில் ஒரே ஆழத்தில் இட்ட புள்ளிகள் அச்சடித்தவை போலத் தோன்றி, கைவினைப் பொருளின் மதிப்பையே குறைத்துவிடும். முனையை ஓரிடத்தில் நிறுத்தினால் மரம் கருகும்.

மா, வேம்பு போன்ற மரங்களில் நுண்கோடு ஓரளவு நன்கு நிற்கும். தேக்கின் பெருந்துளைகளில் அது மறைந்துவிடுகின்றது; தேக்கிலுள்ள சிலிக்கா கருவியின் கூர்மையையும் மழுக்கும். தடமிட்டபின் எழும் பிசிறை நைலான் தூரிகையால் நீக்குவர். உப்புத்தாள் தேய்த்தால் தடமே அழிந்துபோகும்.

பாதுகாப்பு

உளி சீவலை உதிர்க்கின்றது, மின்கருவியோ நுண்தூசியைக் கிளப்புகின்றது. கைவினைஞருக்கு இவ்வேறுபாடு உயிர்நாடியானது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசியை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புப் பொருள்களில் சேர்த்தது. மூக்குக்குழிப் புற்றுநோய் இதனுடன் தொடர்புடையது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. தூசி உறிஞ்சியும், முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் வடிகட்டி முகமூடியும், கண்ணாடியும் தேவை. தொங்கும் துண்டு, தளர்ந்த கையுறை, சங்கிலி ஆகியவை சுழல்முனையில் சிக்கக்கூடும். வெட்டும் பற்களை மரத்தின் மீது ஏறி ஓடவிடும் திசையில் கருவியை நகர்த்தினால் அது கையைவிட்டுத் துள்ளும். எதிர்த்திசையில் நகர்த்துவதே முறை.