100 பேருக்குக் கோசுமல்லி... எத்தனை கிலோ கேரட் வாங்கணும்?

வீட்டு மொட்டை மாடியில் வளைகாப்பு. 100 பேர் வருவார்கள். சாம்பார், ரசம், பாயசமெல்லாம் சமையல்காரர் பொறுப்பு. ``கோசுமல்லிதானே, அதுக்கு எதுக்கு ஆளு? நாமளே பண்ணிடலாம்'' என்று யாராவது ஒரு அத்தை சொல்லிவிடுவார். முந்தின நாள் காய் வாங்கப் பட்டியல் போடும்போதுதான் தலை சுற்றும்.

வீட்டில் 4 பேருக்குச் செய்தால் 400 கிராம் வரும். அதை 25-ஆல் பெருக்கினால் 10 கிலோ. பெரும்பாலானோர் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். சாயங்காலம் பாதி அண்டா கோசுமல்லி தண்ணீர்விட்டு மிஞ்சிக் கிடக்கும். அடுத்த விசேஷத்தில் அதற்குப் பயந்து குறைத்துச் செய்து, மூன்றாம் பந்தியில் சம்பந்தி வீட்டார் இலையில் அந்த இடம் மட்டும் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தைப் பற்றிப் பத்து வருஷம் கழித்தும் பேச்சு வரும்!

வீட்டில் கோசுமல்லியைக் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடுகிறோம். விருந்து இலையிலோ அது பதினைந்து பதார்த்தங்களில் ஒன்று. இலையின் மேல்பகுதியில் ஒரு கரண்டி வைப்பார்கள், அவ்வளவுதான். மறுபடி கேட்பவர்கள் குறைவு. ஆனால், சாப்பிடாதவர் இலைக்கும் முதலிலேயே ஒரு கரண்டி போய்விடும். எனவே, ஆளை எண்ணாமல் இலையை எண்ண வேண்டும்.

பரிமாறப்போகும் கரண்டியையே எடுத்து, ஒருமுறை அள்ளி, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். சின்னக் கரண்டி என்றால் 30 கிராம் பக்கம் வரும். 100 இலைக்கு 3 கிலோ. மறுபடி கேட்பவர்களுக்கு 300 கிராம். ஆக 3.3 கிலோ. 10 கிலோ எங்கே, இது எங்கே!

இனி கடைக்கணக்கு. பாசிப்பருப்பு ஊறினால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 700 கிராம் ஊறவைத்தால் 1.4 கிலோ கிடைக்கும். கேரட் ஒரு கிலோ வாங்கினால், தோல் சீவி, தலையும் வாலும் நறுக்கியபின் 850 கிராம் தேறும். வெள்ளரிக்காயில் சேதாரம் இன்னும் அதிகம். தோலும் விதையும் போனால் ஒரு கிலோவில் முக்கால் கிலோ நின்றாலே பெரிது. ஒரு பெரிய தேங்காய்த் துருவல், ஒரு மாங்காய், 5 எலுமிச்சை. கணக்கு சரியாகிவிடும். பச்சை மிளகாயை மட்டும் பெருக்கல் வாய்ப்பாட்டில் போடாதீர்கள். பத்தில் ஆரம்பித்து, ருசி பார்த்துக் கூட்டுங்கள். குழந்தைகளும் சாப்பிட வேண்டுமே!

வெள்ளரிக்காயைத் துருவும் முன் ஒவ்வொன்றிலும் காம்புப் பக்கம் ஒரு துண்டு நறுக்கி வாயில் வையுங்கள். ஒரே ஒரு கசப்புக் காய் கலந்தால் மொத்தமும் பாழ். அலுப்பான வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாது.

பஃபே என்றால் இந்தக் கணக்கு செல்லாது. கரண்டி விருந்தாளி கையில் இருக்கிறது. அதிலும் வரிசையில் முதல் தட்டாக சாலட்டை வைத்தால், காலித் தட்டைப் பார்த்து எல்லோரும் தாராளமாக அள்ளுவார்கள். ஆளுக்கு 60 முதல் 75 கிராம் வரை வைத்துக்கொள்வது நல்லது. பிரியாணியோடு வெங்காயப் பச்சடி என்றாலும் இதே அளவுதான். அங்கே மறுபடி கேட்காதவர்களே அபூர்வம்.

எவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டாலும் 100 பேர் என்றது 80 ஆகலாம், 130-ம் ஆகலாம். அதனால்தான் மொத்தத்தையும் காலையிலேயே கலந்து வைக்கக் கூடாது. வெள்ளரியில் 95 சதவிகிதம் தண்ணீர். உப்பு பட்டதும் அது வெளியே வந்துவிடும். ஒரு மணி நேரத்தில் காய் துவண்டு, அடியில் தண்ணீர் தேங்கி, அள்ளும்போதே இலையில் ஓடும். சமைத்த உணவையே அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோசுமல்லியோ தாளிப்பைத் தவிர அடுப்பையே பார்க்காதது. தேங்காய் வேறு சேர்கிறது. சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி ஒரு பாத்திரம், கேரட் ஒன்று, வெள்ளரி ஒன்று என மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு பந்திக்கும் 10 நிமிடம் முன்னால் அந்தப் பந்தி இலைகளுக்கு மட்டும் உப்பு, எலுமிச்சை, தேங்காய் சேர்த்துக் கலந்தால் போதும். கூட்டம் குறைந்தால் கலக்காத பருப்பு மறுநாள் அடைக்கோ, கூட்டுக்கோ போகும், கேரட் பொரியலாகிவிடும். கூட்டம் கூடினால்? ஒரு கிலோ கேரட்டைத் துருவாமல் கூடுதலாக வாங்கி வையுங்கள். மூன்றாம் பந்தி உட்காரும்முன் துருவிவிடலாம்.