ஹெட்போன் ஒன்று, உடன் போகும் சரக்கு மூன்று

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், ஏழாவது அவென்யூவில் இத்தாலிய வம்சாவளிக் குடும்பம் ஒன்று பழக்கடை நடத்தி வந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஜோசப் கிராடோ கைக்கடிகாரம் பழுது பார்ப்பதில் தேர்ந்தவர். 1953-ல் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, இசைத்தட்டு ஓட்டும் முள் பகுதியைக் கையால் செய்து விற்கத் தொடங்கினார். வியாபாரம் பிடித்துக்கொண்டது. பழக்கடை இருந்த கட்டடமே பிறகு தொழிற்கூடம் ஆயிற்று. 1990-ல் அவருடைய சகோதரர் மகன் ஜான் கிராடோ பொறுப்பேற்றார். அதன் பின் அந்தப் பழக்கடைக் கட்டடத்திலிருந்து வெளிவந்த ஹெட்போன்கள் உலகெங்கும் போயின. 1964-க்குப் பிறகு விளம்பரத்துக்கென்று காசு செலவழித்ததில்லை என்று அந்த நிறுவனம் சொல்லிக்கொள்வது வழக்கம். ஆப்பிளும் ஆரஞ்சும் எடை போட்ட இடத்தில் இப்படி ஒரு தொழில் வளர்ந்தது என்பதைக் கேட்கும்போது, மளிகைக் கடைக்காரர்களான நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி வரத்தான் செய்கிறது.

நம் இதழில் ஹெட்போனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் உறுப்பினர்களில் பலர் மளிகையோடு சேர்த்து செல்போன் உதிரிகளும் தொங்கவிட்டு விற்கிறார்கள். மகனுக்கோ மருமகனுக்கோ எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்துக் கொடுத்தவர்களும் உண்டு. நூறு, இருநூறு ரூபாய் இயர்போன் விற்கும் கடையில் இன்று, "முப்பதாயிரத்துக்கு ஒரு ஹெட்போன் வாங்கப் போகிறேன், அதற்கு என்ன ஆம்ப்ளிஃபயர் போடலாம், வயரை மாற்றலாமா?" என்று கேட்கும் இளைஞர்கள் வந்து நிற்கிறார்கள். கேள்விக்குச் சரியான பதில் சொல்பவரிடம்தான் அவர்கள் மறுபடி வருவார்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு உறுப்பினரின் மகனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். கல்லூரி முடித்து வேலைக்குப் போன பையன். முதல் ஆறு மாதச் சேமிப்பில் 300 ஓம் ஹெட்போன் ஒன்று வாங்கினார். செல்போனில் செருகினால் சத்தம் ஈனசுரத்தில் வந்தது. வாங்கிய கடைக்கே போனார். கடைக்காரர், "கூட வந்த வயர் சாதாரணம் தம்பி, வெள்ளி வயர் போட்டால் திறந்துகொள்ளும்" என்று சொல்லி ஒன்பதாயிரத்துக்கு ஒரு கேபிள் கொடுத்தார். மாட்டினார்; அதே ஈனசுரம்தான். குறை வயரில் இல்லை, செல்போனில் இருந்தது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். அந்தக் கடைக்காரர் அறிந்தே செய்தாரா, அறியாமல் செய்தாரா என்பதும் நமக்குத் தெரியாது. பையனோ, அவனுடைய நண்பர்களோ அதற்குப் பிறகு அந்தக் கடைப் படி ஏறவில்லை.

ஆம்ப்ளிஃபயர்: ஓம் கணக்கும் பசிக் கணக்கும்

'ஓம்' என்பது மின்சாரத்துக்கு அந்த ஹெட்போன் காட்டும் தடை. ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனம் 1937-ல் டி.டி. 48 என்ற ஹெட்போனைக் கொண்டுவந்த பழைய நிறுவனம். அதன் டி.டி. 880, டி.டி. 990 மாடல்கள் 32, 250, 600 ஓம் என்று பல தடைகளில் விற்கப்பட்டிருக்கின்றன. ஒரே அரிசியை ஐந்து கிலோ, பத்துக் கிலோ, இருபத்தைந்து கிலோ மூட்டைகளில் கட்டுவதுபோல என்று எண்ணி, பெரிய எண் உயர்ந்த சரக்கு என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. 600 ஓமுக்கு அதிக வோல்ட் வேண்டும். கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர் கையில் இல்லாதவர் 32 ஓம் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஓம் மட்டும் பார்த்தாலும் போதாது. எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்ற உணர்திறனையும் பார்க்க வேண்டும். சென்ஹைசர் எச்.டி. 650, 2003-ல் வந்த புகழ்பெற்ற மாடல், 300 ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் சத்தம் தரும் என்பது நிறுவனம் தரும் கணக்கு. ஒரு வோல்ட்டை 300 ஓமில் செலுத்தினால் செலவாவது மூன்று மில்லிவாட் சொச்சம்தான். இன்னொரு பக்கம், சீனாவின் ஹைஃபைமேன் நிறுவனத்தின் எச்.இ. 6 என்ற மாடல் வெறும் 50 ஓம். எண்ணைப் பார்த்தால் சாது. ஆனால் அதன் உணர்திறன் 83.5 டெசிபல்தான். அதே 103 டெசிபலை எட்ட அதற்கு 90 மில்லிவாட் அளவு வேண்டும், அதாவது எச்.டி. 650-ஐப் போல 27 மடங்கு. ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபயரிலேயே இதை மாட்டிக் கேட்டவர்கள் உண்டு. ஆளைப் பார்த்து இலை போடுவது போல எண்ணைப் பார்த்து ஆம்ப்ளிஃபயர் கொடுத்தால் ஏமாற்றம்தான்.

மூன்றாவது விஷயத்தை விற்பவர்களில் பலர் கவனிப்பதே இல்லை. நம் கடையில் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது குண்டு பல்பு ஒரு கணம் மங்குவதைப் பார்த்திருப்போம். மின்கம்பத்திலிருந்து கடைக்கு வரும் லைனுக்கும் ஒரு தடை இருக்கிறது. பாரம் கூடினால் அதில் வோல்ட் விழுகிறது. ஆம்ப்ளிஃபயருக்கும் இப்படி ஒரு வெளியீட்டுத் தடை உண்டு. அது பெரிதாக இருந்தால், ஹெட்போனின் தடை ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும்போது சத்தமும் மாறும். எச்.டி. 650 பெயருக்கு 300 ஓம். மத்தளம், பாஸ் கிடார் ஒலிக்கும் கீழ்ப்பகுதியில் அதன் தடை 500 ஓம் அளவுக்கு ஏறுகிறது. 120 ஓம் வெளியீட்டுத் தடை உள்ள ஆம்ப்ளிஃபயரில் போட்டால் அந்தப் பகுதி மட்டும் ஏறத்தாழ ஒரு டெசிபல் தூக்கலாகக் கேட்கும். "வால்வு செட்டில் போட்டால் குளுமை" என்று ரசிகர்கள் சொல்வதில் ஒரு பங்கு இதுதான். அதே ஆம்ப்ளிஃபயரில் 32 ஓம் கிராடோவைப் போட்டால் வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் ஹெட்போனுக்குப் போய்ச் சேரும்.

ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டுத் தடை போகக் கூடாது என்பது தொழிலில் புழங்கும் வாய்க்கணக்கு. 32 ஓமுக்கு 4 ஓம். 300 ஓமுக்கு 37 ஓம் வரை தாங்கும். பிளானர் எனப்படும் தட்டைச் சவ்வு ஹெட்போன்களின் தடை ஒரே சீராக இருப்பதால் அவற்றில் சத்தம் குறையுமே தவிர, ஸ்வரத்தின் நிறம் மாறாது.

ஆப்பிள் நிறுவனம் ஒன்பது டாலருக்கு விற்று வந்த சிறிய செருகி ஒன்றின் வெளியீடு அமெரிக்க மாடலில் ஒரு வோல்ட். வெளியீட்டுத் தடை ஒரு ஓம் அளவு. மேலே சொன்ன கணக்குப்படி எச்.டி. 650-ல் 103 டெசிபல் உச்சத்துக்கு அதுவே போதும். அளவாகக் கேட்கும் ஒருவருக்கு நாற்பதாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபயரை எடுத்து நீட்டும் முன் இதை ஒரு முறை மாட்டிக் காட்டலாம். இப்படிச் சொன்னால் விற்பனை குறையாதா என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். குறையலாம்தான்.

பெரிய ஆம்ப்ளிஃபயரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு நான்கே மணி நேரம்தான். போன காது திரும்பாது. விற்கும்போது சத்தத் திருகைக் குறைந்த இடத்தில் வைத்து மாட்டச் சொல்லிக் கொடுப்பது கடைக்காரரின் கடமை.

கேபிள்: லாபம் அதிகம், வித்தியாசம் குறைவு

உடன்சரக்குகளில் கடைக்காரருக்கு ஆசை காட்டுவது கேபிள்தான். கெட்டுப்போகாது, இடம் அடைக்காது, விலைக்கு உச்சவரம்பு இல்லை. செம்பை விட வெள்ளி மின்சாரம் கடத்துவதில் உயர்ந்தது என்பது உண்மை, ஆனால் எவ்வளவு? ஆறு சதவீதம் அளவுதான். ஹெட்போன்களுக்குப் பயன்படும் அளவிலான மெல்லிய செம்புக் கம்பி மூன்று மீட்டர் எடுத்தால், போக வர ஆறு மீட்டருக்கு அரை ஓம் அளவு தடை. 300 ஓம் ஹெட்போனுக்கு முன்னால் அரை ஓம் என்பது மூட்டை அரிசியில் ஒரு பிடி கூட இல்லை. அந்த அரை ஓமில் ஆறு சதவீதத்தைக் குறைக்க ஒன்பதாயிரம் ரூபாய்! அந்தப் பையன் வாங்கியது இதைத்தான்.

கேபிளே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உடைந்த வயரை மாற்றத்தான் வேண்டும். மூன்று மீட்டர் வயர் மேசையில் காலைச் சுற்றுகிறது என்பவருக்கு ஒன்றரை மீட்டர் கேபிள் நியாயமான சரக்கு. உடையில் உரசும்போது கரகரவென்று காதுக்குள் கேட்கும் வயரை மாற்றினால் நிம்மதி. காதுக்குள் வைக்கும் பல டிரைவர் இயர்போன்களில் சிலவற்றின் தடை சில ஸ்வரங்களில் மிகக் குறைந்துவிடும். அங்கே வயரின் அரை ஓமும் காதுக்குத் தெரியலாம். நான்கு முனை அல்லது 4.4 மில்லிமீட்டர் 'பேலன்ஸ்டு' செருகி உள்ள ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவருக்கு அதற்கேற்ற கேபிள் அவசியம். அந்த வழியில் பல ஆம்ப்ளிஃபயர்கள் இரட்டிப்பு வோல்ட் தருகின்றன. சத்தம் கூடுவது ஆம்ப்ளிஃபயரால். புகழ் மட்டும் கேபிளுக்குப் போய்விடுகிறது.

கொள்முதல் செய்வோருக்கு ஒரு குறிப்பு: எல்லா ஹெட்போனிலும் வயர் கழலாது. கிராடோவின் பழைய மாடல்களிலும் டி.டி. 880-லும் அது உள்ளேயே பற்றவைக்கப்பட்டது. சென்ஹைசரின் எச்.டி. 580, 600, 650 மூன்றுக்கும் ஒரே செருகி. ஒரே காது மெத்தை. ஒரு ரகம் இருப்பு வைத்தால் மூன்றுக்கும் ஆகும். எச்.டி. 600 வந்தது 1997-ல். இத்தனை ஆண்டுகள் கழித்தும் உதிரி கிடைக்கிற எலக்ட்ரானிக்ஸ் சரக்கு வேறு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

காது மெத்தை: குக்கர் கேஸ்கெட் கதை

நம் கடையில் நாற்பது, ஐம்பது ரூபாய்க்கு விற்கும் குக்கர் கேஸ்கெட்டை எண்ணிப் பாருங்கள். இரண்டாயிரம் ரூபாய் குக்கர் அது இல்லாமல் வெறும் சட்டி. ஹெட்போனில் அந்த இடம் காது மெத்தைக்கு. மூடிய வகை ஹெட்போனில் மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே காற்று கசிந்தால் முதலில் போவது பாஸ். மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்குக் கண்ணாடிக் காம்பு அந்த இடைவெளியை உண்டாக்கும். "எனக்கு மட்டும் மத்தளம் கேட்கவில்லை" என்று திருப்பிக் கொண்டுவருபவரின் முகத்தை முதலில் பார்க்க வேண்டும்.

மெத்தையின் உயரமும் முக்கியம். பஞ்சு அமுங்க அமுங்கக் காது டிரைவருக்கு அருகே போகிறது, ஒலியின் நிறம் மாறுகிறது. ஐந்தாண்டு உழைத்த ஹெட்போனுக்குப் புது மெத்தை போட்டதும், "புது ஹெட்போன் மாதிரி இருக்கிறது" என்று வாடிக்கையாளர் சொல்வது வெறும் பேச்சு அல்ல. கிராடோவில் இது இன்னும் வெளிப்படை. சிறிய தட்டை நுரை, கிண்ணம் போன்ற நுரை, பெரிய வளைய நுரை என்று மூன்று வகை மெத்தைகள். ஒரே ஹெட்போனில் மாற்றி மாற்றி மாட்டினால் ஒரு நிமிடத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியும்.

துணி மெத்தையா, தோல் போன்ற மெத்தையா? தோல் வகை நன்றாக அடைக்கும், பாஸ் கூடும். ஆனால் நம் ஊர் சித்திரை வெயிலில் அரை மணியில் காது நனைந்துவிடும். செயற்கைத் தோல் வியர்வையில் உரிந்து கறுப்புத் தூளாகக் காதில் ஒட்டும். வெல்வெட் போன்ற துணி வகைக்கு ஆயுள் நீளம், ஆனால் தூசி பிடிக்கும். எதைப் போட்டாலும் ஒலி மாறும் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அச்சாக அதே அளவில் வரும் போலி மெத்தைகளில் உள் துணியின் கனம் வேறாக இருக்கும். விலை கால்பங்கு என்று ஆசைப்பட்டு நூறு ஜோடி இறக்கினால் பாதி திரும்பி வரும்.

ஜோடி சேர்ப்பதில் தவறவே கூடாது என்று உற்பத்தியாளரே முடிவு செய்ததும் உண்டு. 1991-ல் சென்ஹைசர் 'ஆர்ஃபியஸ்' என்ற நிலைமின் ஹெட்போனை வால்வு ஆம்ப்ளிஃபயரோடு ஒரே செட்டாக விற்றது. ஏறக்குறைய 300 செட்களே செய்தது. ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் இதே வகை ஹெட்போன்கள் 580 வோல்ட் அழுத்தத்தில் இயங்குபவை. ஐந்து முனைச் செருகி, சாதாரண ஆம்ப்ளிஃபயரில் நுழையவே நுழையாது. கடைக்காரர் தவறு செய்ய வழியே இல்லாத சரக்கு அது.

நம் உறுப்பினரின் மகன் பிறகு ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் வாங்கினார். ஹெட்போன் நன்றாகப் பாடுகிறது. வெள்ளிக் கேபிளைக் கழற்றிப் பெட்டியோடு வந்த பழைய வயரையே மாட்டிவிட்டார். பாதி விலைக்குக் கேபிளைத் தள்ளிவிடலாமா என்று அப்பாவின் கடைக்கு வருபவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்க்கிறார், யாரும் எடுக்கவில்லை. சென்ற மாதம் அவர் புதிதாக வாங்கியது ஒரு ஜோடி காது மெத்தை, வேறொரு கடையில்.