இறக்கையா, வெறும் கம்பியா? ரேஸ் கார் விதிகளில் மாணவர்கள் சிக்கும் 3 இடங்கள்

ஓராண்டு உழைப்பில் உருவான கார். என்ஜின் ஓகே, பிரேக் ஓகே. ஆனால், முன் இறக்கையின் ஓரத்தில் கேஜை வைத்துப் பார்க்கும் பரிசோதகர் 'இது சரியில்லை' என்று சொல்லிவிட்டால், கார் டிராக்கில் இறங்க முடியாது.

கல்லூரி மாணவர்களே வடிவமைத்து, தயாரித்து, ஓட்டும் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகளில் மொத்தம் 1,000 மதிப்பெண்கள். அதில் 675, காரை ஓட்டிக் காட்டினால்தான் கிடைக்கும். டெக்னிக்கல் இன்ஸ்பெக்‌ஷனில் நின்றுவிட்டால் அந்த 675-ம் போச்சு!

மேற்கு சென்னைக்கு ரேஸ் புதிதல்ல. ஒரு காலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் கார்கள் சீறின. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. லேத், ஷீட் மெட்டல் வேலை என எது வேண்டுமானாலும், 1964-ல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆள் இருக்கிறது. பாகத்தைச் செய்து வாங்கிவிடலாம். விதிப் புத்தகத்தைப் புரிந்துகொள்வதில்தான் தலைவலி.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டி, ஜெர்மனி போட்டியின் விதிகளைத் தழுவியது. அந்த விதிகள் எங்கே குழப்புகின்றன?

1. எது 'ஏரோ' பாகம்?

காற்றை வழிநடத்தி, காரைத் தரையோடு அழுத்தும் விசையை (டவுன்ஃபோர்ஸ்) கூட்டவோ, காற்றுத் தடையைக் குறைக்கவோ பொருத்தப்படுவது ஏரோ பாகம். அதைத் தாங்கும் கம்பி, ஏரோ பாகம் ஆகாது. 'வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருந்தால் தவிர' என்கிறது விதி.

சரி, கம்பியை இறக்கை வடிவில் தட்டையாகச் செய்தால்? பலத்துக்காகச் செய்தோம் என்று மாணவர்கள் சொல்லலாம். காற்றுக்காக என்று பரிசோதகர் சொல்லலாம். ஏரோ பாகம் என்று முடிவானால் உயரம், அகலம் என எல்லா வரம்புகளும் அந்தக் கம்பிக்கும் பொருந்தும்.

2. எது 'முன்னோக்கிய' விளிம்பு?

ஆள் மீது மோதினால் வெட்டக் கூடாது என்பதற்காக, முன்னோக்கிய கிடைமட்ட விளிம்புகளுக்குக் குறைந்தது 5 மி.மீ. ஆரம், செங்குத்து விளிம்புகளுக்கு 3 மி.மீ. ஆரம் வேண்டும். 3 மி.மீ. ஆரம் என்றால் விளிம்பு 6 மி.மீ. தடிமனாவது இருக்க வேண்டும். 2 மி.மீ. தகட்டை அப்படியே வெட்டிக் கொண்டுபோனால் ஃபெயில்தான்.

பெரிய இறக்கைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்ன இறக்கையின் விளிம்பு ஆள் மீது படுமா? இங்கேதான் வாக்குவாதம் வரும்.

3. எங்கே அழுத்துவார்கள்?

225 சதுர செ.மீ. பரப்பில் (15 செ.மீ. சதுரம்) 200 நியூட்டன், அதாவது சுமார் 20 கிலோ எடை அளவு அழுத்தினால் இறக்கை 10 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது. எந்த இடத்திலும், எந்தத் திசையிலும் 50 நியூட்டன் கொடுத்தால் 25 மி.மீ.க்கு மேல் அசையக் கூடாது. நடுவில் கல் மாதிரி நிற்கும் இறக்கை, ஓர மூலையில் ஆடலாம். பரிசோதகர் மூலையைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை ஒர்க்‌ஷாப்பிலேயே பார்த்துவிட வேண்டும்.

ஓட்டையில் புகுந்தவர்கள்

1978 ஸ்வீடன் கிராண்ட் ப்ரீயில், பின்னால் பெரிய மின்விசிறி போன்ற ஃபேன் வைத்த பிரபாம் காரில் நிக்கி லாடா ஜெயித்தார். என்ஜினைக் குளிர்விக்கத்தான் ஃபேன் என்றது அணி. அதே ஃபேன் காருக்கு அடியிலிருந்த காற்றை உறிஞ்சி, காரைத் தரையோடு ஒட்ட வைத்தது. வெற்றி செல்லும் என்றானது. ஆனால், அந்த கார் அதற்குப் பிறகு ரேஸில் ஓடவே இல்லை. இன்று மாணவர் போட்டிகளில், காருக்கு அடியிலிருந்து காற்றை இழுக்க எந்த இயந்திரமும் கூடாது. குளிர்விப்பதற்காக மட்டுமே உள்ள ஃபேனுக்குத்தான் விலக்கு. 'மட்டுமே' என்ற ஒரு சொல் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது.

அப்போ என்ன செய்யலாம்?

'எழுதாததெல்லாம் அனுமதி' என்ற வாதம் இங்கே எடுபடாது. விதியின் நோக்கத்தை மீறுவதும் விதிமீறலே என்று அமெரிக்காவின் ஃபார்முலா எஸ்ஏஇ விதிப் புத்தகம் நேரடியாகவே சொல்கிறது. சந்தேகம் வந்தால், பாகத்தைச் செய்யும் முன்பே விதிக்குழுவிடம் வரைபடத்தோடு எழுதிக் கேட்டு, பதிலை அச்சடித்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு எடுத்துப்போவது நல்லது. எண்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். சீனியர்கள் கொடுத்த பழைய பிடிஎஃப்பை நம்பாமல், அந்த ஆண்டின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.