ஒரு நிலம், இரு மக்கள்: பிணக்கு தொடங்கியது எங்கே?

"ஈசாக்குக்கும் இஸ்மயேலுக்கும் அன்று தொடங்கிய சண்டை, இன்னும் தீரவில்லை." புனித பூமியிலிருந்து குண்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நம்மவர்கள் சொல்லும் விளக்கம் இது. மறையுரைகளிலும் கேட்டிருக்கிறோம். ஆனால் ஆபிரகாம் இறந்தபோது அவருடைய இரு மைந்தரும் சேர்ந்தே அவரை எபிரோனில் மக்பேலா குகையில் அடக்கம் செய்தனர் என்கிறது தொடக்கநூல் (25:9). இன்றைய பிணக்குக்கு வயது நாலாயிரம் அல்ல, ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளே. அதன் வேர்களில் ஒன்று பத்திரப் பதிவில் இருக்கிறது.

பாலஸ்தீனம் அப்போது துருக்கியரின் ஒட்டோமான் பேரரசில் இருந்தது. 1858-இல் வந்த நிலச் சட்டம், நிலங்களைப் பெயரிட்டுப் பதிவு செய்யச் சொன்னது. வரிக்கும் படைச் சேர்ப்புக்கும் அஞ்சிய அரபுக் குடியானவர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டனர். தலைமுறைகளாக உழுத நிலம், அவர்கள் கண்டிராத செல்வர்களின் பெயருக்குப் போனது. இஸ்ரியேல் பள்ளத்தாக்கின் பெரும் பரப்பு, பெய்ரூட்டில் வாழ்ந்த சுர்சோக் குடும்பத்தினரிடம் சேர்ந்தது. அவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

வாங்க வந்தவர்களின் கண்ணீரையும் நாம் மறக்கலாகாது. 1881 முதல் இரஷ்யப் பேரரசில் யூதர்கள்மீது கொலைவெறித் தாக்குதல்கள் நடந்தன. தப்பியவர்களில் ஒரு சிறு பகுதியினர் மூதாதையர் மண்ணைத் தேடி வந்தனர். 1897-இல் தியோடர் ஹெர்சல் கூட்டிய பேசல் மாநாடு, அங்கே யூதருக்குத் தாயகம் வேண்டும் என்றது. நிலம் வாங்க 1901-இல் யூத தேசிய நிதி உருவானது.

1920-களின் முற்பகுதியில் சுர்சோக் குடும்பத்தினர் அந்தப் பள்ளத்தாக்கில் பெரும் நிலங்களை விற்றனர். நாபோத்தின் திராட்சைத் தோட்டம் இருந்த அதே பகுதிதான். ஆனால் இங்கே ஆகாபு யாருமில்லை. விலை கொடுத்து, முறையாகப் பதிந்தே வாங்கினர். ஆயினும் அரபுக் குத்தகைக்காரர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. தேசிய நிதி வாங்கிய நிலத்தை மறுபடி விற்கலாகாது, அதில் யூதரே உழைக்க வேண்டும் என்பது கொள்கை. எனவே முன்பு உழுதவர் கூலிக்குக்கூடத் திரும்ப வழியில்லை. சட்டப்படி தவறில்லாத ஒரு விற்பனை, பல குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது.

இதற்கு மேல் ஆங்கிலேயரின் இரட்டை வாக்குறுதி. 1915-16-இல் மெக்காவின் ஷெரீப் உசேனுக்கு அரபு விடுதலை பற்றிக் கடிதங்கள். 1917 நவம்பர் 2-இல் பால்ஃபர் அறிக்கை வழியாக யூதருக்குத் தேசியத் தாயகம். 1922 கணக்கெடுப்பில் மொத்தம் சுமார் 7,57,000 பேர்; அதில் யூதர் 84,000, கிறிஸ்தவர் 73,000. நாசி ஜெர்மனியிலிருந்து யூதர் ஓடிவந்தபோது இந்தக் கணக்கு வேகமாக மாறியது, அச்சமும் வளர்ந்தது. 1947-இல் ஐ.நா. பிரிவினையைப் பரிந்துரைத்தது. அதைத் தொடர்ந்த போரில் சுமார் 7 இலட்சம் அரபு மக்கள் வீடிழந்தனர்.

மீண்டும் எபிரோனுக்கு வருவோம். 1929 ஆகஸ்டில் அங்கே 67 யூதர்கள் கொல்லப்பட்டனர். அண்டை வீட்டு யூதரை ஒளித்து வைத்துக் காத்த அரபுக் குடும்பங்களும் அங்கேயே இருந்தன. 1994-இல், மக்பேலா குகைமீதுள்ள தொழுகைக் கூடத்தில் 29 இஸ்லாமியர்களை ஒரு யூதர் சுட்டுக் கொன்றார். அதற்குப் பின் ஆபிரகாமின் கல்லறைக்குச் செல்ல இரண்டு வாசல்கள்: யூதருக்கு ஒன்று, இஸ்லாமியருக்கு ஒன்று.