பத்து மாதக் கணக்கும் பன்னிரண்டு மாத ஒப்பந்தமும்

தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கப் போன இடத்தில் குழந்தை பிறந்தால் மருத்துவத்துக்குக் குறையில்லை. வேலை, விசா, குடியுரிமை ஆகிய மூன்றும்தான் தாயைத் தூங்கவிடாத விஷயங்கள்.

தமிழர்களைப் போலவே கொரியர்களும் பிள்ளைப்பேற்றைப் பத்து மாதம் என்றுதான் சொல்கிறார்கள். அந்த நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகும் வெளிநாட்டு ஆசிரியையின் வேலை ஒப்பந்தமோ பெரும்பாலும் பன்னிரண்டு மாதம்தான். பன்னிரண்டுக்குள் பத்து அடங்கும் என்று தோன்றும். ஆனால் கரு உண்டாவது ஒப்பந்தத்தைக் கேட்டுக்கொண்டு அல்ல. எந்த மாதத்தில் உண்டாகிறது என்பதைப் பொறுத்து ஒரு பெண்ணுக்குச் சம்பளத்துடன் விடுப்பு கிடைக்கிறது; இன்னொருத்திக்கு வேலையே போய்விடுகிறது.

கொரியாவுக்கு ஆங்கில ஆசிரியர்கள் ஏராளமாக வரத் தொடங்கியது 1990களில். 1995இல் அந்நாட்டு அரசு 'எபிக்' என்ற திட்டத்தின் மூலம் அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர்களை அழைத்தது. 'ஹக்வோன்' எனப்படும் தனியார் பயிற்சி நிலையங்கள் இன்னொரு பக்கம் ஆள் எடுத்தன. இதற்கான ஈ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கே உரியதாக இருந்தது. இந்தியர் எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும் அது கணக்கில் வரவில்லை.

அந்தக் கதவு சற்றே திறந்தது 2010 ஜனவரி 1 அன்று. இந்தியாவும் கொரியாவும் 2009 ஆகஸ்டில் கையெழுத்திட்ட 'செபா' எனும் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் அன்று நடைமுறைக்கு வந்தது. கார்களுக்கும் இரும்புக்கும் வரி குறைத்த அதே ஒப்பந்தத்தில், ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் பயிற்சிச் சான்றும் உள்ள இந்தியர் கொரியாவின் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியராகலாம் என்ற வழியும் இருந்தது. ஆகவே, இதுவரை வெள்ளைக்கார ஆசிரியைகளின் கவலையாக இருந்தது இந்திய ஆசிரியையின் கவலையாகவும் ஆகிறது.

விடுப்பு உண்டு, ஆனால்...

சட்டத்தைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. கொரியத் தொழிலாளர் தர நிர்ணயச் சட்டம் கர்ப்பிணிக்கு 90 நாள் விடுப்பு தருகிறது. இரட்டைக் குழந்தை என்றால் 120 நாள். இதில் குறைந்தது 45 நாள் பிரசவத்துக்குப் பின் வர வேண்டும். 2001 வரை 60 நாளாக இருந்ததைத்தான் 90 ஆக்கினார்கள். இந்தியாவில் 2017இல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கியதோடு ஒப்பிட்டால் இது பாதிதான். என்றாலும் நாட்டவர், வெளிநாட்டவர் என்ற வேறுபாடு இங்கே கிடையாது. தேசத்தின் பெயரால் பாரபட்சம் காட்டக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. விடுப்பின் போதும், அது முடிந்து 30 நாள் வரையிலும் வேலையை விட்டு நீக்க முடியாது. கர்ப்பிணியைக் கூடுதல் நேரம் வேலை வாங்கவும் கூடாது.

விடுப்பின் முதல் 60 நாளுக்குச் சம்பளம் தர வேண்டியது முதலாளியின் கடமை. எஞ்சிய 30 நாளுக்கு வேலைக் காப்பீட்டு நிதி தருகிறது. இங்கேதான் முதல் சிக்கல். இந்தக் காப்பீடு ஈ-2 விசாக்காரர்களுக்குக் கட்டாயமில்லை. கேட்டுச் சேர வேண்டும். கல்யாணமாகாத இருபத்து மூன்று வயதில் வேலைக்குச் சேரும்போது யாரும் இதைப் பற்றி யோசிப்பதில்லை. மாதச் சம்பளத்தில் பிடித்தம் எதற்கு என்று விட்டுவிடுவார்கள். அந்த 30 நாள் சம்பளம் அன்றே போய்விட்டது.

இரண்டாவது சிக்கல் ஹக்வோன்களில். சில நிலையங்கள் ஆசிரியரை ஊழியர் என்று கணக்கில் காட்டாமல், சுயதொழில் செய்பவர் என்று எழுதிவிடுகின்றன. சம்பளத்தில் 3.3 விழுக்காடு மட்டும் வரி பிடிப்பது இதன் அடையாளம். கையில் வரும் தொகை கூடுதலாகத் தெரியும். ஆனால் மருத்துவக் காப்பீட்டில் முதலாளியின் பங்கு, பணிக்கொடை, பிரசவ விடுப்பு எல்லாமே கேள்விக்குறியாகிவிடும். நேரம் குறித்து, இடம் குறித்து, பாடம் குறித்து வேலை வாங்கினால் அவர் ஊழியர்தான் என்று வாதாட சட்டத்தில் இடமுண்டு. ஆனால் எட்டு மாத வயிற்றோடு வாதாடப் போவது யார்?

கர்ப்பமானால் வேலையை விட்டுப் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாலும் அது செல்லாது. சட்டத்துக்குக் குறைவான எந்த நிபந்தனையும் செல்லாது என்று சட்டமே சொல்கிறது.

மார்ச் கணக்கு

இத்தனை பாதுகாப்பிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நீக்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. முடிந்துபோன ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொரியாவில் பள்ளி ஆண்டு தொடங்குவது மார்ச்சில். ஓர் ஆசிரியை பிப்ரவரி இறுதியில் சேர்கிறார். அடுத்த பிப்ரவரி இறுதியில் ஒப்பந்தம் முடியும். டிசம்பரில் குழந்தை பிறக்கும் என்றால் நவம்பரிலிருந்து ஜனவரி இறுதி வரை விடுப்பு எடுக்கலாம். 90 நாளும் ஒப்பந்தத்துக்குள் அடங்கிவிடும். ஓராண்டு நிறைவதால் பணிக்கொடையும் கிடைக்கும்.

இதே ஆசிரியைக்கு ஏப்ரல் நடுவில் குழந்தை பிறக்கும் என்று வைத்துக்கொள்வோம். பிரசவத்துக்கு முந்தைய விடுப்பே மார்ச்சில்தான் தொடங்க முடியும். அதற்கு ஒரு நாள் முன்பே ஒப்பந்தம் முடிந்துவிடும். விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறீர்களா என்று பள்ளி கேட்பது இலையுதிர் காலத்தில். வயிறு வெளியே தெரியத் தொடங்குவதும் அப்போதுதான். இப்போது சொல்வதா, கையெழுத்து வாங்கிய பிறகு சொல்வதா? ஆசிரியைகள் தவிப்பது இந்த இடத்தில்தான். சொன்னால் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். அதற்குக் காரணம் காட்ட வேண்டிய அவசியம் பள்ளிக்கு இல்லை. சொல்லாமல் கையெழுத்திட்டால் சட்டப்படி தவறில்லை, ஆனால் கூட வேலை செய்பவர்களின் முகத்தை ஓராண்டு பார்க்க வேண்டும்.

வேலையோடு போவது சம்பளம் மட்டுமல்ல. தங்கியிருக்கும் ஒற்றை அறை வீடும் பெரும்பாலும் பள்ளி கொடுத்ததுதான். விசாவும் அந்த வேலையைச் சார்ந்தது. வேலை தேடுவோருக்கான டி-10 விசாவுக்கு மாறிக் கொஞ்ச காலம் ஓட்டலாம். விசாவே இல்லையென்றால் மருத்துவக் காப்பீடும் இல்லை.

ஊருக்கே போய்விடலாமே என்று நம் பக்கத்தில் கேட்பார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் இருக்கும் வரை அந்தக் கேள்வியும் இருக்கும். போகலாம். ஆனால் 36 வாரத்துக்கு மேல் பெரும்பாலான விமான நிறுவனங்கள் கர்ப்பிணியை ஏற்றுவதில்லை. அதற்கு முன்பே மருத்துவர் சான்று கேட்பவையும் உண்டு. வேலையையும் விட்டுவிட்டுப் போவதா என்பது அடுத்த கேள்வி. பலருக்கு அம்மாவை அங்கே வரவழைப்பதுதான் வழி. குறுகிய கால விசாவில் அவர் அதிகபட்சம் 90 நாள் இருக்கலாம். மகளின் விடுப்பும் 90 நாள், அம்மாவின் விசாவும் 90 நாள்.

கடற்பாசியும் பத்தியமும்

மருத்துவத்தில் மட்டும் கொரியா கை விடுவதில்லை. தேசிய மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் கர்ப்பிணிக்கு, வெளிநாட்டவராக இருந்தாலும், பரிசோதனைச் செலவுக்கு ஓர் அட்டையில் தொகை ஏற்றித் தருகிறார்கள். 2022 முதல் இது 10 லட்சம் வோன். இயல்பான பிரசவம் என்றால் காப்பீட்டில் அடங்கும் செலவில் நோயாளி கொடுக்க வேண்டிய பங்கு எதுவுமில்லை. தனி அறை, சில கூடுதல் பரிசோதனைகள் போன்றவை கைக்காசு. பொதுச் சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால் இரும்புச் சத்து, போலிக் அமில மாத்திரைகள் இலவசம். ஓர் இளஞ்சிவப்பு வில்லையும் தருவார்கள். அதைப் பையில் மாட்டிக்கொண்டு சியோல் சுரங்க ரயிலில் ஏறினால், கர்ப்பிணிகளுக்கென ஒதுக்கிய இளஞ்சிவப்பு இருக்கை இருக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: வேலைக்குச் சேரும் போதான மருத்துவச் சோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குழந்தை பிறந்தபின் தமிழ்ப் பெண்ணுக்கு வியப்பு காத்திருக்கிறது. தன் பாட்டி சொன்னதையே கொரியப் பாட்டிகளும் சொல்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே, காற்று படாதே, உடம்பை மூடிக்கொள்! மீறினால் பின்னாளில் மூட்டுக்கு மூட்டு வலிக்கும் என்பார்கள். நம் ஊரில் பூண்டும் சுறாப்புட்டும் போல அங்கே 'மியோக்-குக்' என்ற கடற்பாசி சூப். பால் சுரக்கும் என்று வேளைக்கு வேளை தருகிறார்கள். பொதுவாக மாட்டிறைச்சியோ சிப்பியோ சேர்ப்பதால் சைவக்காரர்கள் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். அந்தக் காலத்தில் 21 நாள் வாசலில் வைக்கோல் கயிறு கட்டி வெளியாரைத் தடுத்தார்கள். ஆண் குழந்தையென்றால் கயிற்றில் மிளகாய், பெண்ணென்றால் கரியும் பைன் தழையும். இன்று கயிற்றின் இடத்தைப் பிரசவப் பராமரிப்பு நிலையங்கள் பிடித்துவிட்டன. இரண்டு வாரம் தாயையும் சேயையும் வைத்துப் பார்த்துக்கொள்ள 30 லட்சம் வோனுக்கு மேல்கூட ஆகும். அம்மா வர முடியாத வெளிநாட்டுப் பெண்ணுக்கு இது வரப்பிரசாதம்தான், பணம் இருந்தால்.

யார் வீட்டுப் பிள்ளை?

கொரிய மண்ணில் பிறந்ததால் குழந்தை கொரியனாகிவிடாது. பெற்றோரில் ஒருவராவது கொரியராக இருக்க வேண்டும். 1998 வரை அதுவும் தந்தை கொரியராக இருந்தால்தான். இந்தியா இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இந்தியத் தாய் வழியாகக் குடியுரிமை கிடைத்ததே 1992 டிசம்பர் 10க்குப் பிறகுதான்.

2004 டிசம்பர் முதல் இந்தியச் சட்டம் இன்னொரு நிபந்தனையும் வைக்கிறது. வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். கொரிய அரசோ பிறந்த 90 நாளுக்குள் குழந்தைக்கு வசிப்பு உரிமை கேட்டு விண்ணப்பிக்கச் சொல்கிறது. தவறினால் அபராதம். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குத் தூதரகப் பதிவு வேண்டும். தூதரகப் பதிவுக்கு மருத்துவமனைச் சான்றும் அதன் மொழிபெயர்ப்பும் வேண்டும். ஆக, ஓராண்டு இருக்கிறது என்று இருந்துவிட முடியாது. காற்றுப் படாமல் இருக்க வேண்டிய நாட்களிலேயே யாராவது அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். கணவருக்கு வேலை அங்கேயே இருந்தால் 2025 பிப்ரவரி முதல் அவருக்கு 20 நாள் விடுப்பு உண்டு. அலைய அந்த நாட்களே உதவும். எல்லாச் சான்றிலும் பெயரின் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்க வேண்டும். தலைப்பெழுத்துப் போடும் தமிழருக்கு இது தனித் தலைவலி.

பிரிட்டிஷ், அமெரிக்க ஆசிரியைகளுக்கும் நிம்மதி முழுமையானதல்ல. தானே வெளிநாட்டில் பிறந்து வம்சாவளியால் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர், வெளிநாட்டில் பிறக்கும் தன் குழந்தைக்கு அதைத் தானாகவே கொடுத்துவிட முடியாது. வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கர், தாம் ஐந்தாண்டு அமெரிக்காவில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. உலகிலேயே குழந்தைப் பிறப்பு மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று கொரியா. 1970இல் 10 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில் 2023இல் பிறந்தவை சுமார் 2.3 லட்சம். சராசரியாக ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை, 2024இல் 0.75. பெற்றுக்கொள்ளுங்கள் என்று அரசு கெஞ்சுகிறது. 2022 முதல் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 20 லட்சம் வோனிலிருந்து உதவி தொடங்குகிறது. ஆனால் அது குடிமக்கள் பதிவு எண் உள்ள குழந்தைக்கு. வெளிநாட்டு ஆசிரியையின் குழந்தைக்கு அந்த எண் இல்லை. குழந்தைக் காப்பகக் கட்டணத்தில் சில நகராட்சிகள் மட்டும் ஓரளவு உதவுகின்றன. வகுப்பறையில் கொரியக் குழந்தைகள் குறைந்துகொண்டே போக, அவர்களுக்குப் பாடம் சொல்லித் தருபவரின் குழந்தை எந்தக் கணக்கிலும் வராமல் தொட்டிலில் கிடக்கிறது.

கிளம்பும் முன் செய்யக் கூடியவை சிலவே. ஒப்பந்தத்தில் ஊழியர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலைக் காப்பீட்டில் முதல் மாதமே சேர வேண்டும். ஒப்பந்தம் முடியும் தேதியை நாள்காட்டியில் வட்டமிட வேண்டும். தகராறு வந்தால் தொழிலாளர் துறைக்கு 1350, குடிவரவுத் துறைக்கு 1345 என்ற எண்கள் இருக்கின்றன.

மற்றதெல்லாம் குழந்தை பார்த்துக்கொள்ளும். கொரிய மொழியில் அப்பாவுக்கு 'அப்பா' என்றும் அம்மாவுக்கு 'ஒம்மா' என்றும் பெயர். காப்பகத்திலிருந்து அந்தக் குழந்தை கூப்பிடும்போது, அது எந்த மொழி என்று எந்த அதிகாரியாலும் சொல்லிவிட முடியாது.