ரேடியேட்டர் ஒழுகினால் நாமே என்ன செய்யலாம்?

பேராதனையில் தொடங்கி கம்பளை, நுவரெலியா, பதுளை வழியாகச் செங்கலடியில் முடிகிறது ஏ5 வீதி. கம்பளையிலிருந்து நுவரெலியா வரை மட்டும் சுமார் 1,400 மீற்றர் ஏற்றம். புசல்லாவை, றம்பொடை வளைவுகளில் பழைய வான்கள் ஆவி கக்கி நிற்பதற்கு அநேகமாக ரேடியேட்டரே காரணம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வாகனங்களே பலரின் பிழைப்பாகின. உதிரிப்பாகத் தடைக்குள் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய வடக்கு மக்களுக்கு இருப்பதைத் திருத்தி ஓட்டுவது புதிதல்ல. ஆனால் எதை நாமே திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடி தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருப்பதால், அது சுமார் 120 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஒழுகினால் அழுத்தம் போய்விடும். நுவரெலியா உயரத்தில் திறந்த தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். ஏற்றத்தில் சிறு ஒழுக்கும் ஆபத்தாவது இதனால்தான்.

சூடேறினால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம். சீறும் ஆவி முகத்தைப் பொசுக்கிவிடும். மின்விசிறி தானாகவே சுழலக்கூடும், கையை விலக்கி வையுங்கள். நன்கு ஆறிய பின்னரே தண்ணீர் ஊற்றுங்கள்.

பிறகு ஒழுகும் இடத்தைத் தேடுங்கள். காய்ந்த வெள்ளை அல்லது பச்சைக் கறை அதைக் காட்டிக்கொடுக்கும்.

றப்பர் குழாயின் முனையில் ஒழுகினால் கிளிப்பை இறுக்கினாலே போதும். நுனி வெடித்திருந்தால், குழாய் நீளம் இடம்கொடுக்குமானால், அந்தத் துண்டை வெட்டிவிட்டு மீண்டும் மாட்டலாம்.

பிளாஸ்ரிக் தொட்டியிலோ அலுமினியப் பகுதியிலோ சிறு வெடிப்பு என்றால், தண்ணீரை வடித்து, இடத்தை உரசிச் சுத்தமாக்கி, நன்கு காயவைத்து, வெப்பம் தாங்கும் இரு கலவை எபொக்சிப் பசையைப் பூசுங்கள். பக்கெற்றில் குறித்த நேரம் முழுதும் இறுக விடுங்கள். இது கராஜ் போய்ச் சேரும் வரைக்கான வழி மட்டுமே.

பழைய பித்தளை ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைக்கலாம். அலுமினியத்தில் சாதாரண ஈயம் ஒட்டாது.

மஞ்சள் தூள், முட்டை போடும் கைவைத்தியம் வேண்டாம். ஒழுக்கு நின்றாலும் உள்ளிருக்கும் நுண்குழாய்கள் அடைபடும்.

வெளியே ஒழுக்கே இல்லாமல் தண்ணீர் குறைகிறதா? எஞ்சின் ஒயில் பால்போல மாறியிருக்கிறதா? அது ஹெட் கஸ்கெற் பழுதாக இருக்கலாம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள். இழுத்துச் செல்லும் செலவு எஞ்சின் செலவைவிட மிகக் குறைவு.

வடித்த கூலன்ட் நஞ்சு, இனிப்புச் சுவையுள்ளது. பிள்ளைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் மூடி வையுங்கள்.